மூன்றாம் நம்பர் கோரைக் காணோம்

திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்குக் கிடங்கார் தன் புதுக் கம்ப்யூட்டருக்குள் திருட்டு நடந்திருப்பதைக் கண்டுபிடித்தார்.

பூட்டு உடையவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை, மேசைமேல் பெட்டி வைத்தது வைத்தபடி இருந்தது. ஆனாலும் உள்ளேயிருந்து ஒரு உருப்படி போயிருந்தது. திரையில் ஆறு வரிகள் நின்றன. கோர் 0, கோர் 1, கோர் 2, கோர் 4, கோர் 5, கோர் 6. ஒவ்வொன்றுக்கும் எதிரில் அது எத்தனை டிகிரி சூட்டில் இருக்கிறது என்ற கணக்கு. கிடங்கார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். விரலால் திரையைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். மூன்றைக் காணோம்.

"இங்க கொஞ்சம் வா," என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார்.

"அடுப்புல வேலையா இருக்கேன். அங்கேருந்தே சொல்லுங்க."

"சொல்ற விஷயமில்ல. பார்க்கிற விஷயம்."

மனைவி ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தார். "என்ன, எல்லாம் நம்பரா இருக்கு."

"ஒண்ணு, ரெண்டு, அப்புறம் நாலு. நடுவுல மூணு எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் எடுக்கல," என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். கணவர் ஓய்வுபெற்ற இந்தப் பதினாலு மாதமாக அந்த வீட்டில் எது காணாமல் போனாலும் அவருடைய முதல் பதில் அதுதான்.

கிடங்காருக்கு அந்தப் பெயர் பேருந்துப் பணிமனையில் வந்தது. முப்பத்தொரு வருஷம் உதிரிபாகக் கிடங்கைக் கட்டிக் காத்ததில் 'கிடங்குக்காரர்' தேய்ந்து கிடங்கார் ஆகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும். அவர் காலத்தில் அங்கே ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வாஷர், கணக்கில் குறைந்தது. அன்று நாற்பது பேருந்துகள் கிளம்பாமல் நின்றன என்றும், டிரைவர்கள் எல்லாரும் கால்சட்டை மடிப்பைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார்கள் என்றும், கடைசியில் அந்த வாஷர் மேலதிகாரியின் டீ டம்ளருக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது என்றும் பணிமனையில் சத்தியம் செய்கிறார்கள். நாற்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். டம்ளர் உண்மை.

இப்படிப்பட்ட மனிதரை ஒரு மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? வீட்டை எண்ணினார். துணி கிளிப் நாற்பத்தாறு, ஸ்பூன் பத்தொன்பது, கொக்கி பதினொன்று. காபியில் சர்க்கரை கலக்க ஒரு ஸ்பூன் எடுத்தால் மனைவி நோட்டில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. தீப்பெட்டிமேல் போட்டிருக்கும் எண்ணிக்கையைவிட இரண்டு குச்சி குறைகிறது என்று கம்பெனிக்கு மூன்று பக்கம் எழுதினார். கம்பெனி பதிலுக்கு ஒரு பெட்டி தீக்குச்சி அனுப்பியது. அதில் ஒன்று அதிகமாக இருந்தது. அதையும் எழுதித் திருப்பி அனுப்பினார்.

இந்த நிலையில்தான் மாப்பிள்ளை ஒரு நல்ல சேதியோடு வந்தார். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில். இத்தனை நாளும் ஒருவரிடம் வேலை பார்த்தவர், இப்போது சொந்தமாகக் கடை எடுத்திருந்தார். வியாழக்கிழமை திறப்பு. கடைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நட்டு, போல்ட்டு, மின்விசிறி, வயர், பழைய போர்டு என்று ஆயிரம் சாமான் செருப்பு டப்பாக்களில் குவிந்து கிடந்தது. "அதை நீங்க பார்த்துக்கணும் மாமா. எனக்கு ஆகாது. எந்த டப்பாவுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியல," என்றார்.

கிடங்காருக்கு உள்ளுக்குள் மேளம் கொட்டியது. வெளியே, "யோசிச்சுச் சொல்றேன் மாப்பிள்ளை," என்றார். யோசித்தது ஏழு வினாடி. அன்று மாலையே சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் தொங்கவிட்டார். மறுபடி ஒரு கிடங்கு, மறுபடி ஒரு சாவி. அந்த வாரம் முழுக்க அவர் ஸ்பூன்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பழகட்டும் என்று மாப்பிள்ளை தன் கையாலேயே ஒன்றைக் கோத்து வீட்டில் கொண்டுவந்து வைத்தார். "இதோட மூளைக்குள்ள ஆறு கோர் மாமா. ஒரே ஆபீஸ்ல ஆறு குமாஸ்தா தனித்தனியா உட்கார்ந்து வேலை பார்க்கிற மாதிரி," என்றார். அறை சூடு என்பதால், ஒவ்வொரு குமாஸ்தாவும் எத்தனை டிகிரியில் வேகிறார் என்று காட்டும் புரோகிராம் ஒன்றையும் போட்டுக் கொடுத்தார். அங்கே பிடித்தது சனி.

கிடங்காருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சட்டம். கணக்கு உதைக்கிற இடத்தில் உட்காரக் கூடாது. தொலைபேசியை எடுத்தார்.

"மாப்பிள்ளை, சரக்கு ஒண்ணு குறையுது."

"எந்தச் சரக்கு மாமா?"

"அந்த மூளை வந்த அட்டைப்பெட்டிமேல ஆறு கோர்னு போட்டிருக்கு. உள்ள அஞ்சுதான் இருக்கு. மூணாம் நம்பரைக் காணோம்."

"திரையில எத்தனை வரி வருது?"

"ஆறு."

"அப்ப ஆறும் இருக்கு மாமா."

"முதல் வரியில சுழி போட்டிருக்கு மாப்பிள்ளை. கையிருப்பு சுழின்னா என்ன அர்த்தம்? அங்க சரக்கு இல்லைன்னு அர்த்தம். முப்பத்தொரு வருஷம் எழுதியிருக்கேன்."

"கம்ப்யூட்டர் சுழியிலேருந்துதான் எண்ணும். சுழிதான் முதல் ஆள்."

"ஆறு ஸ்பூனை எங்கிட்ட குடுத்துட்டு, முதல் ஸ்பூன் சுழின்னு சொல்லுவீங்களா?"

மாப்பிள்ளை அந்தப் பக்கம் சிரிப்பை விழுங்கிய சத்தம் கேட்டது. "அது முப்பத்தெட்டு டிகிரியில இருக்கே மாமா. இல்லாத ஆள் எப்படிச் சூடாவான்?"

"காலி அலமாரியிலயும் அறையோட சூடு இருக்கும். சரி, உங்க வழிக்கே வரேன். சுழியையும் ஆள்னே வச்சுக்குவோம். மூணு எங்க?"

"வரேன் மாமா," என்று மாப்பிள்ளை போனை வைத்துவிட்டார்.

மத்தியானம் கிடங்காரின் மகளையும் கூட்டிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரும் கையுமாக வந்தார். கிடங்கார் தயாராக இருந்தார். நோட்டில் கோடு போட்டு, 'காணாமற்போன பொருள் பற்றிய விசாரணை' என்று தலைப்பிட்டு, அடியில் இரண்டு முறை கோடும் இழுத்து வைத்திருந்தார்.

"இந்தப் பொருளைக் கடைசியா எப்ப பார்த்தீங்க?"

"பார்த்ததே இல்ல மாமா. கோரைக் கண்ணால பார்க்க முடியாது."

"பார்க்காமலே வாங்கியிருக்கீங்க," என்று சொல்லிக்கொண்டே கிடங்கார் அதை எழுதினார். "கடையிலேருந்து வீட்டுக்கு யார் கொண்டுவந்தது?"

"உங்க பொண்ணுதான். மடியில வச்சுக்கிட்டு வந்தா."

"என்னையும் கோத்துவிட்டாச்சா?" என்றாள் மகள். "சோதனை போடுங்கப்பா. கைப்பையில லிப்ஸ்டிக்குக்குப் பக்கத்துல மூணாம் நம்பர் உட்கார்ந்திருக்கும்."

கிடங்கார் சிரிக்கவில்லை. கைப்பையை ஒரு பார்வை மட்டும் பார்த்தார். பிறகு அதே பார்வையை மாப்பிள்ளையின் கருவிப் பைமேலும் ஓட்டினார். மாப்பிள்ளை அதைக் கவனித்தார். பையை ஓரமாக நகர்த்திவிட்டு வேலையில் இறங்கினார்.

முதலில், கம்ப்யூட்டர் கண்விழிக்கும்போது வருகிற நீலத் திரைக்குள் போனார். எத்தனை கோர் ஓடலாம் என்று அங்கே கட்டுப்பாடு போடலாமாம். யாரும் போட்டிருக்கவில்லை. எல்லா செட்டிங்கையும் பிறந்த மேனிக்குத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டினார். சுழி, ஒன்று, இரண்டு, நான்கு. விண்டோஸ் பக்கம் ஏதாவது தடுக்கிறதா என்று பார்த்தார். தடுக்கவில்லை. சுழி, ஒன்று, இரண்டு, நான்கு. கடைசியில் பெட்டியையே திறந்து, மின்விசிறியைக் கழற்றி, பசையைத் துடைத்து, கொக்கியைத் தூக்கி, அந்த மூளையையே வெளியே எடுத்தார். பிஸ்கட் அளவு இருந்தது. அடிப்பக்கம் பூராவும் பொன்னிறப் புள்ளிகள்.

"இத்தனையும் சரியா இருக்கா?" என்று கேட்டார் கிடங்கார்.

"ஆயிரத்துக்கு மேல இருக்கும் மாமா."

"மேலன்னா எத்தனை மேல?"

பூதக்கண்ணாடியை எடுத்து எண்ண ஆரம்பித்துவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டில் மனைவி சாப்பிடக் கூப்பிட்டதில் எண்ணிக்கை விட்டுப்போனது. நல்லவேளை, இல்லாவிட்டால் அந்த வியாழக்கிழமை இன்னும் வந்திருக்காது.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் திரும்பக் கோத்து மாட்டி ஸ்விட்சைப் போட்டார். நான்கு பேரும் திரையைப் பார்த்தார்கள். சுழி, ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து, ஆறு.

"ஏன் மாப்பிள்ளை?"

"தெரியல மாமா," என்றார் மாப்பிள்ளை, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே. "ஆறு பேரும் வேலை செய்றாங்க, அது நிச்சயம். மூணுங்கிற நம்பர் மட்டும் ஏன் வரலைன்னு எனக்குத் தெரியல."

வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் அது நேர்மையான பதில். கிடங்காரின் உலகத்தில் 'தெரியல' என்பது கையும் களவுமாகப் பிடிபட்டவன் சொல்கிற வார்த்தை. அவர் எழுந்துபோய் மேசையில் உட்கார்ந்து, கார்பன் தாள் வைத்து, இரண்டு பிரதியாக எழுதினார். பொருள்: பொறுப்பேற்க இயலாமை தெரிவித்தல். எண்ணிக்கையில் ஐயம் தீராத நிறுவனத்தில் தாம் பணியேற்பது முறையாகாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு, அசலை மாப்பிள்ளையிடம் நீட்டினார். நகலில் 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதித் தரச் சொன்னார்.

மாப்பிள்ளை இரண்டு முறை படித்தார். முகம் சுருங்கிப் போனது. ஆனாலும் பெற்றுக்கொண்டேன் என்று அழகாக எழுதி, தேதி போட்டு, கருவிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க," என்றார் மாமியார்.

"இல்ல அத்தை. கடையில வேலை இருக்கு." போய்விட்டார்.

கிடங்கார் சாப்பிட உட்கார்ந்தார். ஆணியில் தொங்கிய சட்டை மின்விசிறிக் காற்றில் கையை ஆட்டி ஆட்டி அவரைக் கூப்பிட்டது. அவர் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

மகள் போகாமல் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, இங்க வாங்க. காலி அலமாரியில அறையோட சூடுதான் இருக்கும்னீங்க இல்ல?"

"ஆமா."

"இது வேற புரோகிராம், கோருக்கு வேலை குடுத்து வதைக்கிறது. எந்தக் கோருன்னு நாமே சொல்லலாம். மத்த எல்லாரையும் விட்டுட்டு சுழிக்கு மட்டும் வேலை குடுக்கிறேன். உங்க கணக்குப்படி அங்க ஆள் இல்ல. பார்ப்போமா?"

தட்டினாள். பெட்டிக்குள் மின்விசிறி விர்ரென்று கிளம்பியது. கோர் 0 நாற்பத்தொன்று என்றது. ஐம்பத்தாறு என்றது. மற்றவர்கள் எல்லாரும் நாற்பதைச் சுற்றிச் சோம்பல் முறித்துக்கொண்டிருக்க, சுழி மட்டும் அறுபத்தெட்டைத் தாண்டி எழுபத்து நான்கில் போய் நின்றது. கிடங்கார் பெட்டியின் பின்பக்கம் கை வைத்தார். அந்தக் காற்றில் ஒரு வேட்டியை ஐந்து நிமிஷத்தில் உலர்த்தி இருக்கலாம்.

"இது அறையோட சூடாப்பா?"

"விழுந்து விழுந்து வேலை பார்க்கிறவனைப் போய் இல்லைன்னு எழுதிட்டேனே," என்றார் கிடங்கார். நோட்டை எடுத்து, சுழியைக் கணக்கில் ஏற்றி, பக்கத்தில் சுருக்கெழுத்தாக ஒரு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். "சரி, ஆறு இருக்கு. பெட்டியிலயும் ஆறு. ஆனா மூணு எங்கேயோ இருந்திருக்கணும் இல்ல?"

அதற்குப் பதில் அரை மணி நேரத்தில் மகளின் போனில் வந்தது. மாப்பிள்ளையின் குரல் பதிவு. அவள் சத்தமாக வைத்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடு. மொத்த வியாபாரிகிட்ட கேட்டேன், விழுந்து விழுந்து சிரிக்கிறான். இந்த மாடலைச் செய்யும்போது எட்டு கோர் வச்சுத்தான் செய்வாங்களாம். நம்பரையும் அப்பவே குடுத்துடுவாங்க. அப்புறம் ரெண்டை அங்கேயே மூடிட்டு, ஆறு கோர்னு விப்பாங்க. மூடினாலும் மத்தவங்க நம்பர் மாறாது. இதுல மூடினது மூணும் ஏழும். பெட்டியில ஆறுன்னு போட்டிருக்கு, ஆறும் இருக்கு. எதுவும் தொலையல. ஸ்டோர் ரூமுக்கு வேற ஆள் பேசிட்டேன், அதையும் சொல்லிடு."

"ஏழுமா?" என்றார் கிடங்கார்.

"ஏழும்தான். அது கடைசியில இருந்ததால நீங்க தேடல," என்றாள் மகள்.

வேற ஆள் என்பது காதில் விழுவதற்கு முன் இதுதான் அவரைத் தாக்கியது. ரெண்டு உருப்படி போயிருக்கிறது, அவர் ஒன்றைத்தான் கண்டுபிடித்திருக்கிறார். பணிமனையில் தெரிந்தால் மாலையைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

சமையலறை வாசலில் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தார்.

"என்ன சிரிப்பு?"

"உங்க பதினொண்ணாம் ரேக்கு ஞாபகம் வந்துது."

கிடங்காரின் முகம் மாறியது. பணிமனைக் கிடங்கில் ரேக்குகள் ஒன்றிலிருந்து இருபது வரை. சுவரில் தண்ணீர் கசிந்ததால் பதினோராவது ரேக்கை ஒரு மழைக்காலத்தில் கழற்றிப் பெயின்ட் பிரிவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ரேக்குகளின் நம்பரை யாரும் மாற்றவில்லை. பத்துக்கு அடுத்தது பன்னிரண்டு. கிடங்கு மட்டும் ஒரு திருகாணிகூடக் குறையாமல் ஓடியது. அதைவிட முக்கியம், புதிதாக வேலைக்கு வருகிறவர்களை எல்லாம் "பதினொண்ணாம் ரேக்குல போய் எடுத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு, அவர்கள் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மலங்க மலங்க விழிப்பதைப் பார்த்து ரசித்தவர் வேறு யாருமில்லை, கிடங்கார்தான்.

"ஒருத்தர் அரை நாள் தேடினார், சுவரைக்கூடத் தட்டிப் பார்த்தார்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்களே," என்றார் மனைவி. "இன்னிக்கு நீங்க சுவரைத் தட்டினீங்க."

கிடங்கார் எழுந்தார். ஆணியிலிருந்து சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஷட்டர் பாதி ஏறியிருந்தது. குனிந்து உள்ளே போனார். மாப்பிள்ளை மேசைக்கு அடியில் படுத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"மாப்பிள்ளை."

"வாங்க மாமா," என்றன கால்கள். அவ்வளவுதான். எழுந்துகூட வரவில்லை.

"அந்தக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கலாம்னு வந்தேன்."

"பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் குடுத்துட்டேனே மாமா. பதிவாயிடுச்சு."

"ரத்து பண்ணச் சொல்லி ஒரு மனு எழுதலாம்."

"யார்கிட்ட குடுப்பீங்க?"

"உங்ககிட்டதான்."

மாப்பிள்ளை வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். தலையெல்லாம் தூசி. "நீங்க நோட்டுல எழுதினது, கேள்வி கேட்டது, எதுவும் எனக்குப் பெரிசா படல மாமா. சிரிப்பாத்தான் இருந்துது. என் பையை ஒரு பார்வை பார்த்தீங்க பாருங்க. அது பிடிக்கல."

கிடங்கார் செருப்பு டப்பா ஒன்றின் மூடியைச் சரிசெய்தார். இன்னொன்றைச் சரிசெய்தார். பிறகு சொன்னார்.

"பார்த்தேன். தப்பு என்னோடது மாப்பிள்ளை."

முப்பத்தொரு வருஷ உத்தியோகத்தில் அந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததே இல்லை. அது வெளியே வந்த கணத்தில் கடையின் விளக்குகள் அணைந்து எரிந்தன. மாப்பிள்ளையின் முழங்கால் சுவிட்ச் போர்டில் இடித்திருக்கலாம், ஆனால் அப்படிச் சொன்னால் கதைக்குச் சுவை குறையும்.

"உட்காருங்க மாமா," என்றார் மாப்பிள்ளை, குரல் இளகி. "ஆனா ஒரு சங்கடம். நிஜமாவே வேற ஆள் பேசிட்டேன்."

"யாரு?" என்றார் கிடங்கார். "கணக்கு தெரிஞ்சவங்கதானே?"

"உங்க கிடங்கு பூரா மனப்பாடம். எந்த ரேக்குல எது, எந்த வருஷம் எது குறைஞ்சுதுன்னு எல்லாம் சொல்றாங்க."

"பணிமனை ஆளா? பெயின்ட் பிரிவா?"

"அத்தை."

கிடங்கார் அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் கிளம்பின அஞ்சாவது நிமிஷம் போன் பண்ணாங்க மாமா. அவர் வரலைன்னா நான் வரேன், முப்பது வருஷமா சாப்பாட்டு நேரத்துல அந்தக் கிடங்கைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்னாங்க. நானும் சரின்னுட்டேன். வாக்கு குடுத்துட்டு மாத்த முடியாது."

"முடியாதுதான்," என்றார் கிடங்கார், மெதுவாக.

"உதவிக்கு ஒரு ஆள் வேணும்னு மட்டும் கேட்டாங்க."

கிடங்கார் பதவி, மரியாதை, முப்பத்தொரு வருஷம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தார். மறு தட்டில் அந்தப் பின் அறையை வைத்தார். இந்தத் தடவை ஏழு வினாடிகூட ஆகவில்லை. "சாவி யார்கிட்ட இருக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

"அதை நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க. என்னை விட்டுடுங்க." மாப்பிள்ளை எழுந்துபோய்ப் பின் அறையிலிருந்து ஒரு பெயின்ட் வாளியைத் தம் கட்டித் தூக்கி வந்து அவர் முன் வைத்தார். வாளி நிறையத் திருகாணிகள். நெட்டை, குட்டை, தட்டைத் தலை, கூம்புத் தலை, கறுப்பு, வெள்ளை, எல்லாம் ஒன்றாகக் கலந்து, பத்து வருஷத்துச் சேகரம். "எத்தனை வகை, எத்தனை எண்ணம், எதுவும் தெரியாது மாமா."

இந்தத் தெரியாது கிடங்காரின் காதில் தேனாகப் பாய்ந்தது. ஒரு செய்தித்தாளை விரித்து, வாளியைக் கவிழ்த்து, சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

அவர் மனைவி ஆறு மணிக்கு வந்தார். செய்தித்தாளில் சின்னச் சின்னக் குவியல்கள் எழும்பியிருந்தன. நடுவில் கிடங்காரின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

"எத்தனை ஆச்சு?"

அவர் கையை உயர்த்திப் பேசாதே என்று காட்டினார்.

"கேட்டது காதுல விழல? நான்தான் இங்க பொறுப்பு."

"நானூத்திப் பதினேழு," என்றார் கிடங்கார், தலையைத் தூக்காமலே. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம், வெளிச்சம் மறைக்குது."